விடியும்வரை பார்ப்பதா, இப்போதே ஓட்டோ பிடிப்பதா?

இரவு பத்தரை மணி. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் பிளட் வீடு, நாலாம் மாடி. எங்கள் கடுவன் பூனை செம்பன் மணல் தட்டுக்குள் ஏறுகிறான், குந்துகிறான், இறங்குகிறான், இரண்டு நிமிடத்தில் திரும்பவும் ஏறுகிறான். "மலச்சிக்கல்தான், நேற்று முழுக்க மீன் தலை தின்றவன்" என்று நான் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அம்மா ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் பருக்கலாம் என்றார். பக்கத்து பிளட் அன்ரி, காய்ச்சலாகவும் இருக்கலாம், பனடோலில் கால் துண்டு கரைத்துக் கொடு என்றார். தம்பி வழக்கமாகப் போகும் கிளினிக்குக்கு அடித்துப் பார்த்தான், யாரும் எடுக்கவில்லை. மறுநாள் போயா, பௌர்ணமி விடுமுறை. சரி, விடியட்டும் பார்ப்போம் என்று படுத்துவிட்டோம்.

விடிய நாலு மணிக்குச் செம்பன் சத்தி எடுத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்க் கிடந்தான். வயிற்றில் கை வைத்தால் சீறினான். அவனைப் பிடித்துக் கூடைக்குள் போடவே இருபத்தைந்து நிமிடம் போனது. இரவிலும் திறந்திருக்கும் ஒரு மிருக வைத்தியசாலைக்கு ஓட்டோவில் கொண்டுபோனோம். டொக்டர் வயிற்றைத் தடவிப் பார்த்த ஒரு நிமிடத்துக்குள் சொல்லிவிட்டார்: மலச்சிக்கல் இல்லை, சலம், அதாவது மூத்திரம், அடைத்திருக்கிறது. சலப்பை ஒரு சின்னத் தோடம்பழம் அளவுக்கு இறுகிப்போய் இருந்தது. குழாய் போட்டார்கள், சேலைன் ஏற்றினார்கள், ரத்தத்தில் பொட்டாசியம் கூடியிருந்தது, மூன்று நாள் அங்கேயே வைத்திருந்தார்கள். பிழைத்துவிட்டான்.

அன்றிரவு எங்கள் முன்னால் எத்தனை வழிகள் இருந்தன என்று பிறகு யோசித்தேன். வீட்டிலேயே பொறுத்துப் பார்ப்பது, கைமருந்து அல்லது பாமசி, போனிலோ வட்ஸ்அப்பிலோ டொக்டரிடம் கேட்பது, டொக்டரை வீட்டுக்குக் கூப்பிடுவது, பக்கத்துக் கிளினிக் திறக்கும்வரை காத்திருப்பது, இரவு வைத்தியசாலைக்கு ஓடுவது. ஆறு. நாங்கள் இருந்ததிலேயே மோசமான ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம், இன்னொரு மோசமானதை மயிரிழையில் தவிர்த்தோம். எனக்கு விளங்கியது இதுதான். என்ன நோய் என்று கண்டுபிடிக்க முயன்றதுதான் பிழை, அது டொக்டரின் வேலை. நாங்கள் கேட்டிருக்க வேண்டியது, கையில் எத்தனை மணித்தியாலம் இருக்கிறது என்பதை. அதற்கு விடை தெரிந்தால் எந்த வழி என்பது தானாக வந்துவிடும்.

முதலில் பொறுத்துப் பார்ப்பது. நான் சூடு கண்ட பூனை என்பதற்காக இந்த வழியையே தள்ளிவிடச் சொல்லமாட்டேன். வளர்ந்த பூனை ஒருமுறை முடி உருண்டையைச் சத்தி எடுத்துவிட்டு உடனே போய்ச் சாப்பிடுகிறதா, ஒருநேரம் மலம் இளகிப் போனதா, இரண்டு தும்மல் தும்மிவிட்டு யன்னலில் காகம் பார்க்கிறதா, ஒரு நாள் பொறுக்கலாம். ஆனால் பொறுப்பது என்றால் படுத்துத் தூங்குவது இல்லை, அங்கேதான் நான் கோட்டை விட்டேன். எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, மணலில் ஈரக்கட்டி இருக்கிறதா, எத்தனை தடவை சத்தி, என்ன நிறம் என்று போனில் ஒரு குறிப்பு எழுதிவைத்துக்கொண்டு பார்ப்பதுதான் பொறுத்துப் பார்ப்பது.

பார்க்க வேண்டியவை சில. பூனை தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். முப்பதுக்குள் இருந்தால் நல்லது, திரும்பத் திரும்ப எண்ணியும் முப்பதைத் தாண்டினால் டொக்டரிடம் கதைக்க வேண்டும். மேல் உதட்டைத் தூக்கி முரசை, அதாவது பல் ஈறை, பாருங்கள், இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். எங்கள் செம்பனுக்கு முரசில் கறுப்புப் புள்ளிகள் உண்டு, செம்மஞ்சள் பூனைகளுக்கு அது வழக்கம், அதனால் சுகமாக இருக்கும் நாளிலேயே ஒரு படம் எடுத்து வைத்துவிட்டேன். கண்ணின் உள்மூலையிலிருந்து வெள்ளைச் சவ்வு பாதிவரை மூடிக் கிடந்தால் உடம்பு சரியில்லை என்று அர்த்தம். தன்னை நக்கித் துடைக்காமல் முதுகுமயிர் பிசுபிசுத்துக் கிடப்பது, வழமையாக ஏறும் அலுமாரிமேல் ஏறாமல் விடுவது, எப்போதும் காலடியில் கிடக்கும் பூனை அலுமாரிக்குப் பின்னால் போய் ஒளிப்பது, இவையெல்லாம் சின்னதாகத் தெரியும், சின்னது இல்லை. குறுகுறுவென்று சத்தம் போடுகிறதே, சந்தோசமாகத்தான் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம், நோவிலும் பூனை அப்படிச் சத்தம் போடும்.

நோ இருக்கிறதா என்பதை முகத்திலேயே பார்க்க ஒரு முறை இருக்கிறது. கனடாவில் மொன்றியல் பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 2019இல் வெளியிட்டார்கள். காது, கண், மூக்குவாய்ப் பகுதி, மீசை, தலையை வைத்திருக்கும் விதம் என்று ஐந்துக்கும் தனித்தனியே 0, 1, 2 என்று புள்ளி. காது வெளிப்பக்கமாகத் திரும்பித் தட்டையாகி, கண் சுருங்கி, மீசை விறைத்து, தலை தோளுக்குக் கீழே தொங்கினால் புள்ளி ஏறும். மொத்தம் பத்தில் நாலு வந்தாலே நோவுக்கு மருந்து தேவைப்படலாம். டொக்டர்களுக்காகச் செய்தது, ஆனால் வீட்டில் இருக்கிறவர்களுக்கும் கண்ணைப் பழக்க உதவும். செம்பனின் அன்றைய படம் ஒன்று போனில் இருக்கிறது, இப்போது பார்த்தால் ஏழுக்குக் குறையாது. அன்றைக்கு அது "முறைக்கிறான்" என்று சிரித்துக்கொண்டு எடுத்த படம்.

சாப்பாட்டில் மட்டும் ஒரு கோடு கீறி வைத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த பூனை 24 மணித்தியாலம் ஒன்றும் வாயில் வைக்கவில்லை என்றால் பொறுமைக்கு அத்தோடு முடிவு. இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால், முக்கியமாகக் கொழுத்த பூனைக்கு, உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து அதுவே தனி நோயாகிவிடும். குட்டிகளுக்கு அந்த ஒரு நாளும் கிடையாது. தடுப்பூசி போடாத குட்டி சத்தி எடுத்து, வயிற்றோட்டமும் போய்ச் சுருண்டு கிடந்தால், ஒரு நாளுக்குள் கைமீறிப் போகிற வைரஸ் நோயாகவும் இருக்கலாம்.

பொறுக்கவே கூடாதவை என்று ஒரு கூட்டம் இருக்கிறது. கடுவன் பூனை மணலில் குந்திக் குந்திச் சலம் வராமல் எழும்புவது முதலாவது. நலமடித்ததா இல்லையா என்பது இதில் கணக்கில்லை, கடுவனின் சலக்குழாய் ஒடுங்கியது, சளியும் மணல் மாதிரியான துகளும் சேர்ந்தால் அடைத்துவிடும். 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் பொட்டாசியம் ஏறி இருதயத்தையே நிறுத்தக்கூடிய அளவுக்குப் போகலாம். முக்கிக்கொண்டு குந்துவதைப் பார்த்தால் மலச்சிக்கல் மாதிரியே இருக்கும், எத்தனையோ பேர் ஏமாறும் இடம் இது. மணலில் ஈரக்கட்டி இருக்கிறதா என்று கிளறிப் பார்த்திருந்தால் எனக்குப் பத்தரை மணிக்கே தெரிந்திருக்கும். அப்புறம், வாயைத் திறந்து மூச்சு வாங்குவது. நாய் அப்படி மூச்சு வாங்கும், பூனை வாங்காது. வெயிலில் கூடைக்குள் கத்திக் கத்திக் களைத்தால் கொஞ்ச நேரம் வரலாம், வீட்டில் சும்மா கிடக்கும்போது வந்தால் ஓடவேண்டியதுதான். முரசு வெளிறினாலோ நீலித்தாலோ, வலிப்பு வந்தாலோ, பின்னங்கால் திடீரென்று இழுபட்டு அந்தக் கால் குளிர்ந்திருந்தாலோ, நாலாம் மாடி பல்கனியிலிருந்து விழுந்து "ஒன்றும் இல்லாத மாதிரி" நடந்தாலோகூட, அதே இரவு, அதே மணி.

இனிக் கைமருந்தும் பாமசியும். ஒப்பீடு என்றால் எல்லாப் பக்கமும் நல்லது கெட்டது சொல்ல வேண்டும் என்பார்கள், இதற்கு என்னிடம் நல்லது ஒன்றும் இல்லை. அன்ரி சொன்ன பனடோலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் பரசிட்டமோலை உடைத்து வெளியேற்ற மனித ஈரலுக்கு இருக்கும் வழி பூனைக்குக் கிட்டத்தட்ட இல்லை. ரத்தம் ஒட்சிசன் சுமக்க முடியாமல் போகும், முரசு மண்ணிறமாகும், முகமும் பாதமும் வீங்கும். 500 மில்லிகிராம் குளிசை ஒன்று ஒரு பூனையைக் கொல்லப் போதும், கால் துண்டும் விளையாட்டில்லை. அன்ரி கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. காதைத் தொட்டால் சுட்டது, அதுதான் காரணம். பூனையின் வழமையான உடம்புச் சூடே சுமார் 38 முதல் 39.2 பாகை செல்சியஸ்வரை இருக்கும், நமக்கென்றால் அது காய்ச்சல். கையால் தொட்டுப் பூனைக்குக் காய்ச்சல் பார்க்கவே முடியாது. நமக்கு நோவுக்குத் தரும் ஐபுபுரோபனும் டைக்ளோபெனக்கும் இதே வரிசைதான். சளிக்கு நெஞ்சில் பாம் பூசுவதும் வேண்டாம், அதில் இருக்கும் கற்பூரத்தைப் பூனை நக்கி விழுங்கிவிடும். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்து மிச்சம் இருக்கிறதே என்று கழுத்தில் விடுவதும் அப்படித்தான், பேர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்தது என்றால் பூனை நடுங்கி வலிப்புக்குப் போகும். அம்மாவின் தேங்காய் எண்ணெய் நஞ்சில்லை, ஆனால் திமிறும் பூனையின் வாயில் பலவந்தமாக ஊற்றினால் நுரையீரலுக்குள் போகலாம். முக்கியமான சேதம் வேறு: மருந்து கொடுத்தாயிற்று என்ற நிம்மதியில் ஆறு மணித்தியாலம் போய்விடும்.

போனிலும் வட்ஸ்அப்பிலும் கேட்பதற்கு நான் நல்ல புள்ளி கொடுப்பேன், ஒரு நிபந்தனையோடு. கேட்பது மிருக வைத்தியரிடம் இருக்க வேண்டும், பிளட் ஆட்களின் வட்ஸ்அப் குறூப்பில் இல்லை. மூச்சு விடுவதை முப்பது செக்கன் வீடியோ எடுத்து அனுப்பலாம், முரசை அனுப்பலாம், எதையாவது தின்றிருந்தால் அதன் பெட்டியை அனுப்பலாம். இப்போதே வா, காலையில் வா என்று பிரித்துச் சொல்ல அவருக்கு அது பெரும்பாலும் போதும். ஆனால் சலப்பையைப் போனில் அமர்த்திப் பார்க்க முடியாது. அதோடு பதிலுக்காகக் காத்திருப்பதும் நேரம்தான். மேலே சொன்ன பொறுக்கக்கூடாத கூட்டத்தில் ஒன்று என்றால், ஓட்டோவில் ஏறிய பிறகு போன் எடுங்கள்.

நஞ்சு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. பூங்கொத்தில் வரும் லில்லி, தேவாலயத்திலும் சாவீட்டிலும் கல்யாண மேடையிலும் பார்க்கிறோமே, அதன் இலை, பூ, மகரந்தம், சாடித் தண்ணீர் எல்லாமே பூனையின் சிறுநீரகத்துக்கு நஞ்சு. மூக்கில் மகரந்தம் ஒட்டி அதை நக்கினாலும் போதும். தின்றுவிட்டுப் பூனை கொஞ்ச நேரம் சும்மா சோர்ந்திருக்கும், பிறகு தெளிந்த மாதிரிக்கூடத் தெரியும், ஆனால் 18 மணித்தியாலத்துக்குள் சேலைன் தொடங்கினால்தான் நல்ல வாய்ப்பு. ஆகவே இங்கே அறிகுறிக்குக் காத்திருப்பதே தவறு. குளத்து அல்லியும் நீலோற்பலமும் வேறு செடி, அதற்குப் பயப்பட வேண்டாம்.

சரி, டொக்டரிடம் போவது என்று முடிவாகிவிட்டது. எங்கே? வெள்ளவத்தை, தெஹிவளை, நுகேகொடைப் பக்கம் இருக்கிற சின்னக் கிளினிக் ஒன்றை நிரந்தரமாகப் பிடித்து வைத்திருப்பது நல்லது என்பதுதான் என் எண்ணம். அந்த டொக்டருக்கு உங்கள் பூனையின் பழைய நிறை தெரியும், எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியும், செலவும் இரவு வைத்தியசாலையை விடக் குறைவு. குறை என்னவென்றால் நேரம். பின்னேரம் மட்டும் திறப்பவை உண்டு, போயாவுக்கும் பெருநாளுக்கும் பூட்டிவிடுபவை உண்டு, எக்ஸ்ரேக்கு வேறு இடத்துக்கு அனுப்புபவையும் உண்டு. தும்மல், காதில் பூச்சி, நாட்பட்ட வயிற்றோட்டம், நொண்டல், கண் பீளை, இதெல்லாம் அங்கேதான் போகவேண்டும். இதற்கு இரவில் ஓடுவது காசை எறிகிற வேலை.

இரவு வைத்தியசாலையில் நீங்கள் காசு கொடுப்பது ஒட்சிசனுக்கும், உடனே வரும் ரத்தப் பரிசோதனைக்கும், இரவு முழுக்கப் பக்கத்தில் ஆள் இருப்பதற்கும்தான். அது தேவையான பூனைக்கு அங்கே போகாமல் காலைவரை வைத்திருப்பது மிச்சம் பிடிப்பது இல்லை. நாங்கள் பத்தரை மணிக்கே போயிருந்தால் செம்பன் ஒருவேளை ஒரு நாளோடு வீட்டுக்கு வந்திருப்பான், மூன்று நாள் பில் கட்டியிருக்கத் தேவையில்லை. கிளம்புவதற்கு முன் ஒரு நிமிடத்தில் நாலு கேள்வி கேட்டுவிடுங்கள்: டொக்டர் இப்போது அங்கேயே இருக்கிறாரா, இல்லை போன் பண்ணித்தான் வருவாரா? கடுவனுக்குச் சலக்குழாய் போடுவீர்களா? ஒட்சிசன் இருக்கிறதா? முற்பணம் எவ்வளவு? பலகையில் 24 மணித்தியாலம் என்று எழுதியிருப்பது முதல் கேள்விக்குப் பதில் ஆகாது. பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியப் பீடத்தின் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோகச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள், சிக்கலான நாட்பட்ட நோய்க்கு அது நல்ல யோசனைதான், ஆனால் 100 கிலோமீற்றருக்கு மேல் ஓடவேண்டும், அவசரத்துக்கு இல்லை.

வீட்டுக்கு வரும் டொக்டர் யாருக்கு? எங்கள் மற்றப் பூனை ராணி மாதிரியானவர்களுக்கு. பதினாலு வயதுக் கிழவி, கூடையைக் கண்டாலே மூத்திரம் போய்விடுவாள். அவளுடைய நோய் செம்பனுடையதுக்கு நேர்மாறு, ஒரு இரவில் வந்தது இல்லை, ஏழு எட்டு மாதமாக மெல்ல மெல்ல வந்தது. தண்ணீர்க் கோப்பை கெதியாகக் காலியானது, வெயிலுக்கு என்று நினைத்தோம். மணலில் கட்டிகள் பெரிதாக இருந்தன, புது மணலின் வடிவு என்று நினைத்தோம். முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது, வயது என்று நினைத்தோம். ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. கடைசியில் குழந்தைகளை நிறுக்கும் தராசில் வைத்தபோதுதான் 4.1 கிலோவாக இருந்தவள் 3.4க்கு வந்திருந்தது தெரிந்தது. ஆறில் ஒரு பங்கு உடம்பு காணவில்லை. வயதான பூனை அதிகம் தண்ணீர் குடித்து மெலிந்தால் சிறுநீரகம், சீனி வியாதி, தைரொயிட் மூன்றையும் பார்க்க வேண்டும் என்று டொக்டர் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போனார். சிறுநீரகம்தான். இப்போது சாப்பாட்டை மாற்றி, தோலுக்கடியில் சேலைன் போடவும் பழகி, அவள் பாட்டில் இருக்கிறாள். இந்த மாதிரி விசயத்துக்கு இரவு வைத்தியசாலையும் தேவையில்லை, அடுத்த கிழமை பார்ப்போம் என்ற சாக்கும் ஆகாது, இரண்டு மூன்று நாளுக்குள் நேரம் எடுத்தால் சரி. மூச்சுத் திணறும் பூனைக்கு மட்டும் டொக்டரை வீட்டுக்குக் கூப்பிடாதீர்கள், ஒட்சிசன் சிலிண்டரை அவர் பையில் கொண்டுவர மாட்டார்.

இன்னொரு விசயம், வெளியே போய்வருகிற பூனை திடீரென்று குணம் மாறிக் கடித்தாலோ பிறாண்டினாலோ முதலில் பூனையை விடுங்கள், உங்களைப் பாருங்கள். இலங்கையில் விசர்நோய் (ரேபிஸ்) இன்னும் இருக்கிறது, பூனையாலும் தொற்றும். காயத்தை ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள், தடுப்பூசி இலவசம். பூனையின் தடுப்பூசி அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.

போகிற இடத்தில் கதைப்பதும் ஒரு பிரச்சினை. அன்று விடிய வரவேற்பில் இருந்த பொடியனிடம் என் அரைகுறைச் சிங்களத்தில் "படே அமாருவ" என்றேன், அவன் வயிற்று வலி என்று எழுதி எங்களை வரிசையில் உட்காரவைத்தான். அவன்மேல் பிழை இல்லை, நான் சொன்னது அதுதான். "சூ கரன்னே நெஹெ", சலம் போகவில்லை, என்று தம்பி திருத்திச் சொன்ன பிறகுதான் உள்ளே கூப்பிட்டார்கள். சாப்பிடவில்லை என்பதற்கு "கன்னே நெஹெ", மூச்சு விடக் கஷ்டம் என்றால் "ஹுஸ்ம கன்ன அமாருய்". இந்த மூன்றும் வாயில் இருந்தால் போதும், மிச்சம் ஆங்கிலத்திலும் கையாலும் சமாளிக்கலாம்.

பிறகு கூடை. இருபத்தைந்து நிமிடம் செம்பனைத் துரத்திய கதை சொன்னேனே, அந்தக் கூடை பரணில் இருந்தது, தூசி தட்டி இறக்கும் சத்தத்திலேயே அவன் கட்டிலுக்கடியில் இன்னும் உள்ளே போய்விட்டான். இப்போது அது கதவு கழற்றி, பழைய சாரம் ஒன்று விரித்து, ஹோலில் டிவிக்குப் பக்கத்தில் நிரந்தரமாகக் கிடக்கிறது. வருகிறவர்கள் என்ன இது என்று கேட்கிறார்கள். மத்தியானத்தில் செம்பன் அதற்குள்தான் படுக்கிறான். ராணி மட்டும் தூரத்தில் நின்று மணந்துவிட்டுப் போகிறாள்.